மழைத் தெய்வம் பகைவன் ஆன வரலாறு

கணினி விளையாட்டுகளில் ஈடுபாடுடைய மாணவர்க்கு ஆவ் குவாங் என்னும் பெயர் புதியதன்று. அமெரிக்க நிறுவனமொன்று உருவாக்கி 2014ஆம் ஆண்டில் முழு வடிவில் வெளியிட்ட 'ஸ்மைட்' என்னும் விளையாட்டில், கீழைக்கடலின் நாகவேந்தன் என்ற பட்டத்தோடு அவன் வருகிறான். பல நாட்டுத் தெய்வங்களும் ஒருவரோடொருவர் மோதும் களம் அது. வலுவிழந்து நிற்கும் எதிரியைப் பற்றி அவன் உயிரை முடித்துவிட்டு, கடல்நாக வடிவெடுத்து விண்ணில் எழுவதே ஆவ் குவாங்கின் தலைசிறந்த ஆற்றலாக அங்கே காட்டப்படுகிறது. ஆடுகின்ற பிள்ளைக்கு அவனைப் பற்றி வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை. அவனிடம் அச்சம் தோன்றினால் போதும்.

இதே விளையாட்டில் காளியும் அக்கினியும் வாமனனும் இடம்பெற்றபோது, 2012ஆம் ஆண்டில் இந்து சமயத்தார் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவ்வெதிர்ப்பு முற்றிலும் சரியா என்று ஆராய்வது என் நோக்கமன்று. ஆயினும் நம் தெய்வத்தை விளையாட்டுப் பொருளாக்கினால் நெஞ்சு நோகும் நாம், பக்கத்து வீட்டுச் சீனர் வழிபட்ட தெய்வம் கொடியவனாகத் திரையில் தோன்றும்போது அதனை ஐயமின்றி ஏற்றுக்கொள்கிறோமே, அது எங்ஙனம்? அவன் உண்மையிலேயே கொடியவனாகப் படைக்கப்பட்டவனா? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்வோர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைக் கடந்து செல்ல வேண்டியுள்ளது.

முதற்கண் பெயரைப் பற்றி ஒரு சொல். சீனர் 'லோங்' என வழங்குவதைத் தமிழில் கடல்நாகம் என்கிறோம். 'கடல்' என்னும் அடை அதற்கு முழுதும் பொருந்துவதன்று. சீனரின் லோங் ஆற்றில் வாழும், ஏரியில் வாழும், ஊர்க் கிணற்றிலும் வாழும், இளவேனிலில் விண்ணேறிக் கூதிரில் ஆழ்நீரில் அடங்கும் என்பது அவர்தம் பழைய கொள்கை. ஐரோப்பியக் கதைகளில் வரும் தீயுமிழ் விலங்கோ இதற்கு நேர்மாறானது. அது பொன்னைக் காத்துக் குகையில் கிடக்கும். வீரனொருவன் வேலால் மாயும். இவ்விரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் அமைந்துவிட்டது பெருங்குழப்பத்திற்கு வித்திட்டது. மேலைநாட்டார் ஆக்கிய விளையாட்டொன்றில் சீன லோங் பகைவனாதல், அச்சொல் வழியே பாதி முடிந்துவிட்ட செயல் எனலாம். எனினும் பழி முழுவதையும் மேலைநாட்டார்மீது ஏற்றுதல் நேர்மையாகாது. மீதிப் பாதியைச் சீனரே செய்தனர். அவர்கள் அதனைச் செய்ததற்கு வேறொரு காரணம் இருந்தது.

ஹெனான் மாநிலத்துப் புயாங் நகரில் 1987ஆம் ஆண்டு ஒரு பழங்கல்லறை அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கல்லறையில், மாந்தனின் எலும்புக்கூட்டுக்கு ஒருபுறம் புலியின் வடிவமும் மறுபுறம் நாகத்தின் வடிவமும் சிப்பி ஓடுகளால் வகுக்கப்பட்டிருந்தன. அவ்வடிவங்களின் பொருள் யாதென அறிஞர் பலவாறு உரைப்பர். இறந்தவனுக்குத் துணையாக வைக்கப்பட்ட ஒன்று அவனுக்குப் பகையாக இருந்திராது என்பதுமட்டும் தெளிவு.

எழுத்தில் நமக்குக் கிடைக்கும் நாகம் மழையோடு பிரிக்க முடியாத தொடர்புடையது. ஹான் பேரரசின் அறிஞர் தோங் ஜோங்ஷூவின் பெயரால் வழங்கும் நூலில், மழை வேண்டிச் செய்யும் சடங்குக்குத் தனியொரு பகுதியே உள்ளது. இளவேனிலில் வறட்சி நேருமாயின் களிமண்ணால் பச்சை நாகங்கள் செய்தல் வேண்டும். நடுவில் பெரியது ஒன்று, அதனைச் சூழச் சிறியவை ஏழு. சிறுவர் எண்மர் ஆடுதல் வேண்டும். வேனிலாயின் செந்நாகம், வேனிலின் கடைப்பகுதியில் மஞ்சள் நாகம், கூதிரில் வெண்ணாகம், குளிர்காலத்தில் கருநாகம் எனப் பருவந்தோறும் நிறம் மாறும். இந்நிற வரிசையை மாணவர் நினைவிற் கொள்க; பின்னர் எதிர்பாராத ஓரிடத்தில் இதனைக் காண்போம்.

எல்லாரும் இதனை நம்பிவிடவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் சோங் என்பார், இடி இடிக்கும்போது நாகம் மரத்தைப் பிளந்து விண்ணேறுகிறது என்ற மக்கள் நம்பிக்கையை மறுத்து ஓர் அதிகாரமே எழுதினார். ஓவியர் நாகத்துக்குக் குதிரைத் தலையும் பாம்பு வாலும் தீட்டுகின்றனர். ஆகவே அஃது அவ்விலங்குகளின் இனத்தைச் சார்ந்ததேயன்றித் தெய்வமன்று என்பது அவர் வாதம். பகுத்தறிவு அண்மைக்காலத்து இறக்குமதி என்று எண்ணுவோர் வாங் சோங்கை ஒருமுறை படித்தல் நலம்.

இதுவரை நாகம் ஒரு விலங்கு, மழையின் குறி. அஃது அரசனாக முடிசூடியது பௌத்தத்தின் வரவால். இந்திய நூல்களில் வரும் நாகராசனைச் சீன மொழியில் பெயர்த்தோர் 'லோங்வாங்' என்றனர்; நாகவேந்தன் என்பது பொருள். குமாரசீவர் 406ஆம் ஆண்டில் சாங்ஆன் நகரில் மொழிபெயர்த்த தாமரைச் சூத்திரத்தின் தொடக்கத்திலேயே, புத்தரின் உரை கேட்க வந்த எட்டு நாகவேந்தர்தம் பெயர்கள் வரிசையாக வருகின்றன. வாசுகியும் தட்சகனும் அவருள் அடங்குவர். பாற்கடல் கடைந்த கதையைக் கேட்டு வளர்ந்த நம் மாணவர்க்கு வாசுகியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவ்வெண்மருள் ஒருவன் சாகரன்; பெயரிலேயே கடலை உடையவன். அவனுடைய எட்டு வயது மகள் மெய்யறிவு பெறுவதாகக் கூறும் பகுதி அந்நூலின் புகழ்பெற்ற பகுதிகளுள் ஒன்று. நாகம் என்னும் சொல் இந்தியாவிலிருந்து சீனம் சென்று லோங் ஆயிற்று. லோங் நம்மிடம் வந்து மீண்டும் நாகமாயிற்று. சொற்களும் கப்பலேறி நாடு திரும்புவதுண்டு போலும்.

மழை தரும் சீன நாகமும், ஆழ்நீரில் மாளிகை அமைத்து மணிகளைக் காத்திருக்கும் இந்திய நாகராசனும் ஓருருவாயினர். தாங் பேரரசின் காலத்துக் கதைகளில் இக்கலப்பு அழகுற அமைந்திருக்கிறது. லீ சாவ்வெய் இயற்றிய லியூ யி கதை அவற்றுள் தலையாயது. தோங்திங் ஏரியின் நாகவேந்தன் மகள், கணவன் வீட்டில் துன்புற்று ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கிறாள். தேர்வில் தோற்றுத் திரும்பும் லியூ யி என்னும் இளைஞன் அவள் மடலைத் தந்தையிடம் சேர்ப்பிக்கிறான். தந்தை கண்ணீர் உகுக்கிறான். சிறிய தந்தையான சியன்தாங் நாகனோ சங்கிலியை அறுத்துக்கொண்டு பறக்கிறான். அவன் திரும்பியதும் அண்ணன் கேட்கிறான்: எத்துணைப் பேரைக் கொன்றாய்? ஆறு இலட்சம். பயிர் அழிந்ததா? எண்ணூறு லீ பரப்பில். அந்தக் கொடியவன் எங்கே? தின்றுவிட்டேன். சியன்தாங் ஆற்றில் மதில்போல் எழுந்து வரும் கடலலையை நேரில் கண்டோர்க்கு இவ்வுரையாடல் மிகையாகத் தோன்றாது. நீர் என்பது கண்ணீர் விடும் அண்ணனும் ஆகும், ஊரழிக்கும் தம்பியும் ஆகும் என்பதை அக்கதை ஒரே குடும்பத்துக்குள் வைத்துக் காட்டிவிட்டது. பின்வந்த கதைகளிலெல்லாம் இவ்விரு முகங்களும் மாறிமாறித் தோன்றுகின்றன.

அரசும் வாளாவிருக்கவில்லை. தாங் பேரரசர் ஷுவான்சோங் 751ஆம் ஆண்டில் நான்கு கடல்களின் தெய்வங்களுக்கும் அரசர் பட்டம் அளித்தார். கீழைக்கடல் தெய்வம் பெற்ற பட்டம் குவாங்தே வேந்தன். பரந்த அறமுடைய வேந்தன் என்பது பொருள். சோங் பேரரசர் ஹுய்சோங் 1108ஆம் ஆண்டில் ஐந்நிற நாகங்களுக்கும் வேந்தர் பட்டம் சூட்டினார். பச்சை நாகம் பரந்த அன்புடைய வேந்தனாயிற்று. சிங் பேரரசர் யோங்ஜெங் 1724ஆம் ஆண்டில் நாற்கடல் நாகவேந்தர்க்கும் புதுப்பட்டங்கள் வழங்கினார். மண்ணுலகப் பேரரசன் தெய்வங்களுக்குப் பதவி உயர்வு தருவது நமக்கு வியப்பாக இருக்கலாம். சீன மரபில் இது வியப்பன்று. அங்கே விண்ணுலகமும் ஓர் அரசு. தெய்வங்கள் அதன் அலுவலர். நாகவேந்தன் மழைத்துறை அலுவலன்.

குவாங்சோ நகரை அடுத்துள்ள தென்கடல் தெய்வத்தின் கோவிலைப் பற்றி இவ்விடத்தில் கூறாதிருக்க மனம் ஒப்பவில்லை. சுயி பேரரசர் காலத்தில், 594ஆம் ஆண்டில், அது நிறுவப்பட்டது. தென்கடல் வழியே வந்துபோகும் கப்பல்கள் அங்கே வழிபட்டுச் சென்றன. அக்கோவிலில் கைவிரல்களைப் புருவத்துக்கு மேல் வைத்துத் தொலைவை நோக்கி நிற்கும் உருவம் ஒன்றுண்டு. தாங் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த தூதன் ஒருவன் தான் கொணர்ந்த பலாவிதைகளைக் கோவிலில் நட்டு, சுற்றிலும் உள்ள அழகில் மயங்கி நின்றபோது கப்பல் அவனை விட்டுச் சென்றுவிட்டதாம். கடலையே பார்த்திருந்து அவன் உயிர்நீத்தான். மக்கள் அவனுக்குச் சீன உடை அணிவித்துத் தெய்வமாக்கினர் என்பது செவிவழிக் கதை. பலாவின் சீனப் பெயரையொட்டி அக்கோவிலையே போலோ கோவில் என்று மக்கள் அழைக்கின்றனர். கடல் கடந்து வந்து திரும்பிச் செல்லாதவர்தம் வழித்தோன்றல்களாகிய நாம் அவ்வுருவத்தை நினைத்து ஒரு கணம் நிற்பது தவறாகாது.

அலுவலன் என்றால் கடமை உண்டு. கடமை தவறினால் தண்டனையும் உண்டு. சீன மக்கள் நாகவேந்தனிடம் கொண்ட உறவின் உயிர்நிலை இதுவே என்பது என் கருத்து. வறட்சியில் நாகவேந்தன் உருவத்தைக் கோவிலிலிருந்து தூக்கி வந்து வெயிலில் வைப்பர். எங்களைச் சுடும் வெயில் உன்னையும் சுடட்டும் என்பது அதன் பொருள். ஜேம்ஸ் ஃபிரேசர் தம் 'பொற்கிளை' நூலில் குறிப்பிடும் நிகழ்ச்சி ஒன்று சுவையானது. 1888ஆம் ஆண்டு ஏப்ரலில் கேன்டன் நகரில் மழை ஓயாது பெய்தது. அலுவலர்கள் நாகவேந்தனிடம் வேண்டினர், பயனில்லை. அவனைப் பிடித்து ஐந்து நாள் சிறையில் அடைத்தனர். மழை நின்றது, தெய்வமும் விடுதலை பெற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன் வறட்சி நேர்ந்தபோது அதே தெய்வம் சங்கிலியிட்டு வெயிலில் வைக்கப்பட்டிருந்தது. இதனை மூடத்தனம் என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. ஆனால், உண்மை அலுவலரைச் சிறையிட முடியாத குடியானவர்க்கு, அலுவலனாகிய தெய்வத்தையேனும் சிறையிட முடிந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கதைஞர் பற்றிக்கொண்டதும் இந்த இழையைத்தான். வூ செங்என் இயற்றியதாகக் கருதப்படும் 'மேற்குப் பயணம்' 1592ஆம் ஆண்டில் நாங்கிங் நகரில் அச்சேறியது. அதில் ஆவ் குவாங்கின் நிலை இரக்கத்துக்குரியது. வானர வீரன் ஊகோங் அவன் அரண்மனைக்கு அழையா விருந்தாளியாக வந்து படைக்கலம் கேட்கிறான். எதைக் கொடுத்தாலும் எடை போதாது என்கிறான். பழங்காலத்தில் யூ மன்னன் ஆறு கடல்களின் ஆழத்தை அளந்து நிறுத்திய இரும்புத் தூண் 13,500 ஜின் எடையுடையது. முன்னாளில் நம் சந்தைகளில் காத்தி என வழங்கிய நிறுவையே இந்த ஜின். அதனை ஊசிபோல் சுருக்கிக் காதில் செருகிக்கொள்ளும் ஊகோங், அத்தோடு நில்லாமல் கவசமும் கேட்கிறான். தம்பியர் மூவரும் முடியும் கவசமும் காலணியும் கொணர்கின்றனர். போரிட எண்ணும் தம்பியை ஆவ் குவாங்கே தடுக்கிறான். கொடுத்தனுப்பிவிட்டு விண்ணரசனிடம் முறையிடுவோம் என்கிறான் மற்றொரு தம்பி. வலியவன் முன் பணிந்து, அவன் போனபின் மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதும் அலுவலனை இதைவிடத் திறமாக யாரும் வரைந்ததில்லை.

அதே நூலில் ஜிங் ஆற்று நாகவேந்தனின் கதையும் வருகிறது. மறுநாள் எத்துணை மழை பெய்யும் என்று நிமித்திகன் ஒருவன் சொல்கிறான்: மூன்றடி மூன்றங்குலம், மேலும் நாற்பத்தெட்டுத் துளி. நாகவேந்தன் அவனோடு பந்தயம் கட்டுகிறான். மழைக்குப் பொறுப்பாளனே தான்தானே என்ற செருக்கு. விண்ணரசன் ஆணையும் அதே அளவோடு வந்து சேர்கிறது. பந்தயத்தில் வெல்லும் பொருட்டு நேரத்தை மாற்றி, மூன்றங்குலமும் எட்டுத் துளியும் குறைத்துப் பெய்விக்கிறான். அக்குற்றத்திற்குத் தலை போகிறது. அமைச்சர் வெய் ஜெங் கனவில் அவனை வெட்டுகிறார். எட்டுத் துளிக்கு ஒரு தலை! மழையைத் துளிக்கணக்கில் எண்ணும் இந்தக் கற்பனையில் நகைச்சுவை உண்டு. வயலில் நின்று வானத்தைப் பார்த்திருந்த உழவனின் கணக்கும் உண்டு.

இன்னொரு காட்சியையும் சொல்ல வேண்டும். பதினான்காம் அதிகாரத்தில், குருவின் கடிந்துரை பொறாத ஊகோங் அவரை விட்டுப் பறந்து நேரே ஆவ் குவாங்கின் அரண்மனைக்கே வருகிறான். முன்பு கொள்ளையடித்தவனுக்கு நாகவேந்தன் தேநீர் அளிக்கிறான். சுவரில் ஓர் ஓவியம். கிழவர் ஒருவர் வீழ்த்திய காலணியை மூன்று முறை பொறுமையுடன் எடுத்துக் கொடுத்த ஜாங் லியாங் என்னும் இளைஞன் பின்னாளில் பேரரசின் தூணாக விளங்கிய கதை அது. அதனை விளக்கி, பொறுமையில்லாதவன் உயர்நிலை எய்தான் என்று அறிவுரை கூறி ஊகோங்கைக் குருவிடம் திருப்பி அனுப்புகிறான். இது நல்லாசிரியன் ஒருவனின் செயல். இரும்புத் தண்டு பெற்ற காட்சியை எத்தனையோ படங்களும் விளையாட்டுகளும் எடுத்தாண்டுவிட்டன. இத்தேநீர்க் காட்சியை நாடுவார் அரியர். இதில் அடிதடி இல்லை.

ஆவ் குவாங் கொடியவன் எனப் பெயர் பெற்றது பெரும்பாலும் மற்றொரு நூலால். மிங் காலத்திலேயே எழுந்த 'ஃபெங்ஷென் யென்யி' என்னும் நூறு அதிகாரக் கதையில், தளபதி லீ ஜிங்கின் மகன் நெஜா வருகிறான். அந்நூலை நேரே படிப்போர் திகைத்துப்போவர். ஏனெனில் குற்றம் செய்தவன் நெஜாவே. ஏழு வயதுப் பிள்ளை ஆற்றில் தன் மாயச் செம்பட்டை அலசுகிறான். கடலடி அரண்மனை அதிர்கிறது. காரணம் அறிய வந்த காவலனைக் கொல்கிறான். அக்காவலன் 'யெச்சா' இனத்தவன். நம் இயக்கர், வடமொழி யட்சர் என்பதன் சீன வடிவமே இது. பின்னர் வந்த மூன்றாம் இளவரசன் ஆவ் பிங்கைக் கொன்று, அவன் நரம்பை உருவித் தந்தைக்குக் கச்சை முறுக்க எண்ணுகிறான். லீ ஜிங்கின் பழைய நண்பன் ஆவ் குவாங். நண்பன் வீட்டுக்கு வந்து தன் மகன் நரம்பைக் காணும் தந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவன் வாளெடுக்கவில்லை, விண்ணரசனிடம் முறையிடச் செல்கிறான். விண்வாயிலில் நெஜா மறைந்து நின்று அவனை அடித்து வீழ்த்தி, விலாப்புறத்துச் செதில்களைக் குருதி ஒழுகப் பிடுங்கி, சிறு பாம்பாக மாறச் செய்து கைச்சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். அதன்பின்தான் நாற்கடல் வேந்தரும் திரண்டு வந்து பெற்றோரைப் பற்றுகின்றனர். பெற்றோரைக் காக்க நெஜா தன் உடலைத் தானே அரிந்து மாய்ந்து, தாமரையால் மறுபிறப்பு எய்துகிறான்.

இந்நெஜா யார்? பௌத்த நூல்களின் வழியே சீனம் சென்ற நளகூபரனே நெஜா ஆனான் என்பதை ஆய்வாளர் ஏற்பர். குபேரனாகிய வைசிரவணன் மகன் அவன். சீனத்தில் வைசிரவணன் லீ ஜிங் என்னும் தளபதியோடு ஒன்றாகிக் கையில் கோபுரம் ஏந்தினான். மகனும் உடன் வந்தான். பாகவதத்தில் சாபத்தால் மருதமரமாய் நின்று, உரலோடு தவழ்ந்து வந்த கண்ணனால் விடுதலை பெற்ற இருவருள் ஒருவன் நளகூபரன் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். மெயிர் ஷஹார் என்னும் அறிஞர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நெஜா நாகவேந்தனை அடக்கும் கதைக்குக் கண்ணன் காளிங்கனை அடக்கிய கதையோடும் உறவிருக்கக்கூடும் எனக் காட்டுகிறார். முதற் செய்தி உறுதியானது. இரண்டாவது கருத்தளவில் நிற்பது. மாணவர்க்குச் சொல்லும்போது இவ்வேறுபாட்டைச் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். நம் நாட்டுச் சீனர் கோவில்களில் மூன்றாம் இளவரசன் என்னும் பெயரில் சக்கரத்தின்மீது நிற்கும் பிள்ளைத் தெய்வம் இவனே.

பழைய நூலில் இருபக்கமும் நீதி பேச இடமிருந்தது. அதனைத் துடைத்தெறிந்தது இருபதாம் நூற்றாண்டின் திரைப்படம். சாங்காய் கலைக்கூடத்தார் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓவியத் திரைப்படத்தில், நாகவேந்தர் நால்வரும் மழையை நிறுத்திவைத்துக் குழந்தைகளைப் பலி கேட்கின்றனர். நெஜா செய்த கொலை குழந்தையைக் காக்கச் செய்ததாக மாறுகிறது. ஆவ் குவாங் வெள்ளம் பெருக்கி ஊரை அச்சுறுத்துகிறான். சிறுவன் தந்தையின் வாளால் தன்னை மாய்த்துக்கொள்ளும் காட்சியைக் கண்டு அழாத சீனக் குழந்தை அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. கலைநயத்தில் அப்படம் மிக உயர்ந்தது. 1980ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவிலும் காட்டப்பட்டது. ஆயினும் அது தோன்றிய காலத்தை நோக்குதல் வேண்டும். பண்பாட்டுப் புரட்சி முடிந்து மூன்றே ஆண்டுகள். வீழ்த்தப்பட்ட நால்வர் குழுவை அந்நான்கு நாகங்களில் கண்டவர் பலர். அதிகாரத்தின்மீது மக்களுக்கிருந்த சினத்தை மழைத்துறை அலுவலன் மறுபடியும் தன் தலையில் தாங்கினான். கேன்டன் சிறையில் ஐந்து நாள் இருந்தவனுக்கு இம்முறை விடுதலை கிட்டவில்லை. கொடியவன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

விளையாட்டுகள் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசி உருவத்தை. விளையாட்டுக்குப் பகைவன் வேண்டும். அவன் பெரியவனாக, நீரும் புயலும் ஆள்பவனாக இருந்தால் நன்று. துளிக்கணக்கும் தேநீரும் அங்கே பயன்படா. சீன நிறுவனமொன்று 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்ட 'பிளாக் மித்: ஊகோங்' இவ்வகையில் சற்று வேறுபட்டது. ஆங்கிலப் பதிப்பிலும் வழக்கமான ஆங்கிலச் சொல்லை விடுத்து 'லூங்' என்றே எழுதினர். அதில் ஆடுபவன் போரிட்டு வெல்ல வேண்டிய நாகங்களுள் செந்நாகம், கருநாகம், பச்சை நாகம், மஞ்சள் நாகம் என்பன உள்ளன. மழை வேண்டிச் சிறுவர் எண்மர் ஆடிய களிமண் நாகங்களின் நிறங்கள் ஈராயிரம் ஆண்டுகள் கடந்து அங்கே வந்து நிற்கின்றன. என் மாணவன் ஒருவன் இந்நான்கையும் வென்றதாகப் பெருமையுடன் கூறினான். வெண்ணாகம் எங்கே என்று கேட்டேன். அவன் விழித்தான். மறுநாள் நால்வர் சேர்ந்து வந்து அதே வினாவை என்னிடம் கேட்டனர். அந்தப் பாடவேளை முழுதும் தோங் ஜோங்ஷூவைப் பற்றியே பேச நேர்ந்தது. பாடத்திட்டத்தில் அவருக்கு இடமில்லை.

திரைப்படத்தில் காற்று திரும்பியுள்ளது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'நெஜா' படத்தில் ஆவ் பிங் நெஜாவுக்கு நண்பன். அதில் நாகங்கள் விண்ணரசின் ஆணையால் கடலடியில் பேய்களைக் காத்திருக்கும் கைதிகள். காவலரும் அவர்களே, சிறைப்பட்டோரும் அவர்களே. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த இரண்டாம் படத்தில் கொடியவன் விண்ணுலகத்து மேலோரிடையே இருக்கிறான். ஆவ் குவாங்கோ மகனின் விடுதலையை விரும்பும் தந்தையாக, அவன் வழியை அவனே தேர்ந்துகொள்ள விடுகிறான். ஓவியத் திரைப்படங்களிலெல்லாம் மிகுதியான வருவாய் ஈட்டிய படமாக அஃது ஆனது. வேந்தனுக்கு நேர்ந்த பழியை முழுதும் துடைக்கப் பழைய நூலையே மாற்ற வேண்டியிருக்கவில்லை. மகனை இழந்த தந்தை அங்கே முன்பே இருந்தான்.

முதற் படத்தில் ஒரு செய்தி வருகிறது. சிறைப்பட்ட நாகங்கள் ஒவ்வொன்றும் தன் உடலில் மிக உறுதியான செதிலைத் தானே பிடுங்கித் தருகின்றன. அச்செதில்களைக் கோத்துத்தான் ஆவ் பிங்குக்குக் கவசம் செய்கிறார்கள்.